ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒரே தரையில் வேண்டாம்

போன போகிக்கு முந்தின நாள், வில்லாபுரத்தில் எங்கள் அத்தை பாத்ரூம் கழுவ உட்கார்ந்தார். மதுரையில் பல வீடுகளில் போர் தண்ணீர்தான். டைல்ஸில் உப்புக்கறை வெள்ளை வெள்ளையாகப் படிந்து, எவ்வளவு தேய்த்தாலும் அசையாது. ஆசிட்டை ஊற்றிப் பார்த்தார். கறை முழுசாகப் போகவில்லை. சரி, இதையும் போடுவோம் என்று ஒரு கை பிளீச்சிங் பவுடரை அதன் மேலேயே தூவிவிட்டார். சுர்ரென்று பொங்கி மஞ்சள் பச்சையாகப் புகை கிளம்பியது. இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்து வாசல்படியில் உட்கார்ந்தவருக்கு ராத்திரி முழுக்க நெஞ்சடைப்பு.

அந்தப் புகை குளோரின் வாயு. 1915-இல் முதல் உலகப் போரில் எதிரிப் படை மேல் திறந்துவிட்டார்களே, அதே வாயு. காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடுதான் தங்கும். குத்தவைத்துத் தேய்ப்பவரின் மூக்கும் அங்கேதான் இருக்கிறது. கண் எரிந்தால், தொண்டை கமறினால் அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறேன் என்று திரும்ப உள்ளே போகவே கூடாது. இருமல் அடங்கிவிட்டது என்று அசட்டையாகவும் இருக்க வேண்டாம். சில மணி நேரம் கழித்துக்கூட நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டலாம்.

கடையில் விற்கும் டாய்லெட் கிளீனர் பலவற்றிலும் இருப்பது, அத்தை ஊற்றிய ஆசிட்டில் இருக்கிற அதே ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். அதனால் பெயர் பெற்ற கம்பெனி பாட்டிலாக இருந்தாலும் பிளீச்சோடு சேர்க்கக் கூடாது. அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரையும் பிளீச்சோடு சேர்த்தால் குளோரமின் என்ற இன்னொரு நச்சு வாயு வரும்.

"பாட்டில்ல எழுதியிருந்தா செஞ்சிருப்பேனா?" என்று அத்தை கேட்டார். நியாயமான கேள்வி. அந்த ஆசிட் வந்தது பழைய தண்ணீர் பாட்டிலில், தெருவில் வண்டியில் கொண்டுவந்து விற்றவரிடமிருந்து. ஆசிட் வாங்குபவர் 18 வயது நிரம்பியவரா என்று பார்த்து, அடையாள அட்டையைச் சரிபார்த்து, பதிவேட்டில் எழுதித்தான் விற்க வேண்டும் என்று 2013-இலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. தண்ணீர் பாட்டிலிலும் ஜூஸ் பாட்டிலிலும் ஆசிட்டையோ பினாயிலையோ வைப்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருக்கிற தவறு. வெள்ளைப் பினாயில் பார்க்கப் பால் மாதிரியே இருக்கும். தாகத்தில் வரும் பிள்ளைக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்? அப்படிக் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உள்ளே போகும்போது சுட்ட ஆசிட் வெளியே வரும்போதும் உணவுக்குழாயைச் சுடும்; பினாயில் நுரையீரலுக்குள் போய்விடும். 108-ஐக் கூப்பிடுங்கள். பெரியாஸ்பத்திரிக்குப் போகும்போது அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.

அப்புறம், லேபிள் இருக்கிற பாட்டில். அதில் எல்லாம் எழுதியிருக்கும் என்று நம்புவதும் தவறுதான். வீட்டில் இருக்கிற தரை கிளீனரைத் திருப்பிப் பாருங்கள். தயாரித்தவர் முகவரி, நிகர அளவு, மாதம், வருடம், விலை, புகார் செய்ய ஒரு போன் நம்பர், இவை இருக்கும். 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகள் கேட்பது ஏறக்குறைய இவ்வளவுதான். அதையும் இந்தியிலோ ஆங்கிலத்திலோ போட்டால் போதும், தமிழில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஷாம்புவுக்கு உட்பொருள் பட்டியல் கட்டாயம். கரப்பான் மருந்து டப்பாவில்கூட நஞ்சின் அளவைக் காட்டும் வண்ணக் கட்டம் இருக்கிறது. தினமும் குழந்தை தவழ்கிற தரையில் ஊற்றும் திரவத்துக்கு முழுப் பட்டியல் கேட்க ஆளில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2017-இல் இதற்கென்றே சட்டம் போட்டு, 2021 முதல் உட்பொருள்களைப் பாட்டிலிலேயே அச்சிட வைத்துவிட்டது. நம் ஊரிலும் அது வர வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

அதுவரை, எலுமிச்சைப் படத்தையும் வேப்பிலைப் படத்தையும் பார்த்து ஏமாறாதீர்கள். படம் சரக்கைப் பற்றி எதுவும் சொல்லாது. 'வாசனை' என்ற ஒரே சொல்லுக்குள் பத்து ரசாயனம் ஒளிந்திருக்கலாம். வீசிங் இருக்கிறவர்களுக்கு அந்த வாசனையே இழுப்பைக் கிளப்பிவிடும்.

பாச்சை உருண்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிறந்த குழந்தைக்கு விரிக்கவும் போர்த்தவும் பீரோவிலிருந்து பழைய காட்டன் சேலையை எடுப்போம். மடிப்பைப் பிரித்தாலே அந்த உருண்டையின் நெடி வரும். நாப்தலீன் என்ற அந்தப் பொருள், ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து, கடுமையான மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். நம் குழந்தைக்கு அந்தக் குறை உண்டா என்பது முன்கூட்டித் தெரிந்திருக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008-இலேயே நாப்தலீன் உருண்டையை நிறுத்திவிட்டார்கள். குழந்தைத் துணி வைக்கும் தட்டில் உருண்டையே வேண்டாம். பழைய சேலையை நன்றாகத் துவைத்து, நெடி போகும் வரை வெயிலில் காயவைத்த பிறகு எடுங்கள்.

உப்புக்கறைக்கு அத்தை இப்போது எலுமிச்சை உப்பை, அதாவது சிட்ரிக் ஆசிட் பொடியை, தண்ணீரில் கரைத்து ஊற்றி, அரை மணி நேரம் ஊறவிட்டுத் தேய்க்கிறார். ஒரு தடவையில் போகாது, இரண்டு மூன்று தடவை ஆகும். அதுவும் அமிலம்தான், வினிகரும் அப்படித்தான். அதனால் அன்றைக்குப் பிளீச்சிங் பவுடர் டப்பா சமையலறைப் பரணிலேயே இருக்கும்.