டீசலில் தண்ணீர் என்று சர்வீஸ் சென்டர் சொல்லும்போது செய்யக் கூடாத தவறுகள்

கம்பம் பள்ளத்தாக்கில் டீசல் கார் வைத்திருப்பவருக்கு மாநில எல்லை என்பது வாரம் இரண்டு முறை ஏறி இறங்கும் மலைப்பாதை. லோயர் கேம்ப்பில் தொடங்கி குமுளி, வண்டிப்பெரியாறு, பீர்மேடு என்று கோட்டயம் வரை போகும் வழியில் வண்டி எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. கேரளத்தில் 2023 ஏப்ரல் முதல் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்புத் தீர்வை சேர்ந்துவிட்டதால், பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பக்கத்திலேயே டேங்கை நிரப்பிக்கொண்டு ஏறுகிறோம். எரிபொருள் விற்றவர் ஒரு மாநிலத்திலும், வண்டியைப் பிரித்துப் பார்ப்பவர் இன்னொரு மாநிலத்திலும் இருக்கும் நிலை இப்படித்தான் உண்டாகிறது. பழுதின் செலவு லட்சத்தைத் தாண்டும்போது, இருவரும் மற்றவரைக் கைகாட்டுவதற்கு இது மிக வசதியாக அமைந்துவிடுகிறது.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் பீர்மேட்டைத் தாண்டி என் கார் நின்றபோது நான் செய்த முதல் தவறு, எஸ்டிமேட் தொகையைப் பார்த்து அதைப் பற்றியே சண்டை போட்டது. ஹை பிரஷர் பம்ப், ரெயில் (டீசலை அழுத்தத்தில் தேக்கி வைக்கும் குழாய்), நான்கு இன்ஜெக்டர்கள் (எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுபவை), பில்டர், டேங்க் சுத்தம் எல்லாம் சேர்த்து 2,70,000 ரூபாய். அதில் எவ்வளவு குறைப்பீர்கள் என்று ஒரு மணி நேரம் பேசியதில், டீசலில் தண்ணீர் என்று சொன்ன காரணத்தை நான் ஒப்புக்கொண்டுவிட்டதாகவே சர்வீஸ் சென்டர்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். எந்த உதிரி கெட்டது, அது ஏன் கெட்டது, அதற்கு யார் பொறுப்பு ஆகிய மூன்றும் வெவ்வேறு கேள்விகள். முதல் இரண்டுக்கும் எழுத்தில் விடை கிடைக்கும் வரை தொகையைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

காரணத்தை விசாரிக்க வேண்டுமென்றால் எந்திரத்தின் உள்ளே நடப்பதைக் கொஞ்சமாவது தெரிந்துகொள்ள வேண்டும். காமன் ரெயில் வகை எஞ்சினில் டீசல் 1,600 முதல் 2,000 பார் வரை எட்டக்கூடிய அழுத்தத்தில் இன்ஜெக்டருக்குச் செல்கிறது. பல வண்டிகளில் ஹை பிரஷர் பம்ப்புக்குத் தனியாக மசகு எண்ணெய் கிடையாது. அதன் வழியாக ஓடும் டீசல்தான் அதற்கு மசகு. டீசலில் தண்ணீர் கலந்தால் உராய்வு கூடுவதோடு துருவும் பிடிக்கும்; தவறுதலாகப் பெட்ரோல் கலந்தாலும் வழவழப்புக் குறைந்து பம்ப்பின் பாகங்கள் ஒன்றையொன்று அரைத்துவிடும். அப்படி உதிரும் இரும்புத் துகள் ரெயிலுக்கும், அங்கிருந்து இன்ஜெக்டருக்கும், திரும்பும் குழாய் வழியாக டேங்குக்கும் போய்ச் சேரும். இந்த நிலையில் பம்ப்பை மட்டும் மாற்றினால், மிச்சமிருக்கும் துகள் புதுப் பம்ப்பையும் கெடுத்துவிடும். ஆகவே எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று சொல்வது எப்போதும் ஏமாற்று வேலை என்று நினைப்பதும் ஒரு தவறுதான். கேட்க வேண்டியது ஒன்றே: துகளைக் காட்டுங்கள். பம்ப்புக்குள் போகும் டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வைக் கழற்றினாலோ, பில்டரை அறுத்துப் பார்த்தாலோ மினுமினுப்பான தூள் கண்ணுக்கே தெரியும். தெரிந்தால் பெரிய செலவுக்கு நியாயம் உண்டு. தெரியாவிட்டால் ஒவ்வொரு உதிரியையும் தனித்தனியே சோதித்த பிறகுதான் மாற்றம் பற்றிப் பேச வேண்டும்.

வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் காட்டும் பழுது எண்ணை அப்படியே தீர்ப்பாக ஏற்றுக்கொள்வது மிகப் பரவலான தவறு. பி 0087 என்ற குறியீடு, ரெயிலில் அழுத்தம் குறைவு என்று மட்டுமே சொல்கிறது. பில்டர் அடைத்திருந்தாலும், உறிஞ்சும் குழாயில் காற்று புகுந்தாலும், டேங்குக்குள் இருக்கும் பம்ப் பலவீனமாக இருந்தாலும், ஓர் இன்ஜெக்டர் டீசலை அளவுக்கு மீறித் திருப்பி விட்டாலும் இதே எண்தான் வரும். நான்கு இன்ஜெக்டர்களிலிருந்தும் திரும்பும் டீசலைத் தனித்தனிக் குப்பிகளில் பிடித்து அளக்கும் சோதனை அதிக நேரம் பிடிக்காது. எது கசிகிறது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். பி 2269 என்ற எண் எரிபொருளில் தண்ணீர் இருப்பதைக் குறிக்கும். அந்த எண் பதிவாகியிருக்கிறதா, எத்தனை கிலோமீட்டரில் பதிவானது என்ற விவரத்தோடு ஸ்கேன் அறிக்கையின் அச்சுப்படியைக் கேட்டு வாங்க வேண்டும். வேலை முடிந்தபின் குறியீடுகளை அழித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு கேட்டால் கிடைக்காது.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய இழப்பு, மாதிரி எடுக்காமல் டேங்கைக் காலி செய்ய விடுவது. அழுக்கு டீசலைக் கீழே கொட்டி, பில்டரைக் குப்பையில் போட்டபின் தண்ணீர் இருந்ததா இல்லையா என்பது அவரவர் வாய்ச்சொல்லாகிவிடும். ‘டீசலைத் தொடாதீர்கள், மாதிரி எடுக்க வருகிறேன்’ என்று அன்றே மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோ அனுப்ப வேண்டும். டேங்கின் அடியிலிருந்தும் பில்டர் கிண்ணத்திலிருந்தும் மும்மூன்று மாதிரிகள் எடுத்து, உலர்ந்த கண்ணாடிச் சீசாவில் அடைத்து, சீல் வைத்து, இரு தரப்பும் தேதியோடு கையொப்பமிட்டு, ஒன்று அவர்களிடமும் இரண்டு உங்களிடமும் இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் குடித்து முடித்த தண்ணீர் பாட்டிலில் மாதிரி பிடித்து வந்தார். அதிலிருந்த நாலு சொட்டுத் தண்ணீர் யாருடையது என்று கேட்டதும் அவர் வழக்கு அங்கேயே முடிந்தது. சீசாவை வைத்திருந்தால் மட்டும் போதாது. என்ஏபிஎல் எனும் தேசிய அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஒன்றைச் சீக்கிரமே கொடுத்துவிட வேண்டும், ஏனென்றால் டீசல் நாள்பட்டால் தானும் மாறும்.

தண்ணீர் இருப்பது உறுதியானாலும் குற்றம் தானாகவே வண்டிக்காரர் தலையில் விழுந்துவிடாது. டீசல் பில்டரில் தண்ணீரைப் பிரித்து வைக்கும் பகுதி இருக்கிறது. அதை எப்போது வடிக்க வேண்டும், பில்டரை எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று வண்டியோடு வந்த கையேட்டில் எழுதியிருக்கும். சர்வீஸ் முழுவதும் அதே நிறுவனத்தில்தான் நடந்தது என்றால், பழைய பில்களை எடுத்துப் பாருங்கள். பில்டருக்குப் பணம் வாங்கியிருக்கிறார்களா, தண்ணீர் வடித்ததாகக் குறித்திருக்கிறார்களா, எச்சரிக்கை விளக்கு வேலை செய்ததா என்பவை அவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள். வெளியில் மலிவாக பில்டர் மாற்றியவர்கள் இந்த இடத்தில் தங்கள் வாதத்தைத் தாங்களே பலவீனப்படுத்திக்கொள்கிறார்கள்.

பங்க் மீது உடனே பாய்வதும் சரியல்ல. டீசலின் அடர்த்தியைச் சோதித்துக் காட்டும்படி கேட்க நுகர்வோருக்கு உரிமை உண்டு. லாரியில் வந்தபோது குறித்த அளவுக்கும் பங்க்கில் காணும் அளவுக்கும் 15 டிகிரி செல்சியஸ் கணக்கில் கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. ஆனால் பங்க்கின் நிலத்தடி டேங்கின் அடியில் தனியாகத் தேங்கி நிற்கும் தண்ணீரை அடர்த்திச் சோதனை காட்டாது. அதற்கு அளவுகோலில் தண்ணீர் காட்டும் பசை தடவி இறக்கிப் பார்க்கும் முறை வேறு. இதை எதையும் கேட்க வேண்டுமானால், அங்கே எப்போது எத்தனை லிட்டர் போட்டோம் என்பதற்குச் சான்று வேண்டும். யுபிஐ பரிவர்த்தனை பணம் கொடுத்ததை மட்டுமே காட்டும். வண்டி எண், அளவு, நேரம் எல்லாம் உள்ள பில்லைக் கேட்டு வாங்கும் பழக்கம் நம்மிடம் அறவே இல்லை.

இனி மொழி விஷயம். கோட்டயம் பக்கத்தில் ஜாப் கார்டில், அதாவது வண்டியை விடும்போது எழுதும் வேலைச் சீட்டில், புகாரை மலையாளத்தில் எழுதுவார்கள். ‘டீசலில் வெள்ளம் உண்டு’ என்று எழுதினால் தண்ணீர் இருக்கிறது என்றுதான் பொருள். எனக்கு வந்த தமிழாக்கத்திலோ அது வெள்ளப்பெருக்கு ஆகி, நான் காரை ஆற்றுக்குள் இறக்கியவன் போல இருந்தது. சிரிக்கத் தோன்றினாலும், அந்தத் தாளைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்திருந்தால் வேறு வழக்கே பிறந்திருக்கும். படிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துப் போடாமல், புகாரைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ நீங்களே எழுதி இணைத்துவிடுங்கள்.

தொலைபேசியில் ‘சரி, பாருங்க சார்’ என்று சொல்வதையும், எஸ்டிமேட் படத்துக்குக் கட்டைவிரல் குறி அனுப்புவதையும் ஒப்புதலாகவே எடுத்துக்கொள்வார்கள். சோதனைக்கு மட்டும் அனுமதி, உதிரி மாற்றத்துக்கு இல்லை என்று பிரித்து எழுத வேண்டும். சோதனைக் கட்டணம் எவ்வளவு என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். கழற்றிய பழைய உதிரிகள் எனக்கு வேண்டும் என்பதையும் முன்கூட்டியே எழுதினால்தான் அவை மிஞ்சும். சந்தேகமான இன்ஜெக்டர்களை வேறொரு டீசல் சோதனை நிலையத்தில் பெஞ்ச் எனும் சோதனைக் கருவியில் போட்டுப் பார்க்கலாம். ஆனால் சர்வீஸ் சென்டருக்கு அறிவிக்காமல் நீங்களாகக் கழற்றிக்கொண்டு போனால், நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்பார்கள்.

கோபத்தில் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வருவதால் யாருக்கும் நன்மை இல்லை. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 170ஆம் பிரிவின்படி, செய்து முடித்த வேலைக்கான கூலி வரும் வரை வண்டியைத் தம்மிடம் வைத்திருக்க அவர்களுக்கு உரிமை உண்டு. போதாததற்கு வண்டி நிற்கும் இடத்துக்கு நாள் வாடகையும் கேட்பார்கள். வண்டி இல்லாமல் வாழ முடியாது என்றால், ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன், என் உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை’ என்று பில்லின் மீதே எழுதிவிட்டுப் பணம் கட்டலாம். வண்டியைத் திருப்பித் தரும்போது நீட்டும் தாளில் ‘முழுத் திருப்தி’ என்று அச்சிட்டிருப்பார்கள். அதை அடித்துவிட்டே கையொப்பமிட வேண்டும்.

வழக்கு என்றால் கோட்டயத்துக்கு அலைய வேண்டுமே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே புகார் கொடுக்க வழி செய்திருக்கிறது. கம்பத்துக்காரர் தேனி மாவட்ட ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. ஆய்வக சோதனை இல்லாமல் குறையை அறிய முடியாத பொருளைச் சோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு 38ஆம் பிரிவில் அதிகாரம் உண்டு. அதற்குச் சோதிக்க ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும். ஆணையத்துக்குப் போகும் முன்பு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தால், புகார் நிறுவனத்துக்குப் போய்ச் சேரும். சில நேரம் அதிலேயே முடிந்துவிடுகிறது.

ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று எதிர்த்தரப்பு முதலில் வாதாடும். தன் பிழைப்புக்காகத் தானே சொந்த உழைப்பில் நடத்தும் தொழிலுக்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. நானே ஓட்டுகிறேன், இதுதான் என் வாழ்வாதாரம் என்பதைப் புகாரின் தொடக்கத்திலேயே எழுதாமல் விடுவது, பின்னால் சரிசெய்யச் சிரமமான பிழை.

என் காரில் பம்ப்பைத் திறந்தபோது துகள் இல்லை. பெஞ்ச் சோதனையில் இரண்டு இன்ஜெக்டர்கள் மட்டுமே தோற்றன. அவற்றை மாற்றி, புது இன்ஜெக்டர்களின் எண்ணை வண்டியின் கணினியில் பதியும் கோடிங்கும் செய்து, ஆட்சேபத்துடன் பணம் கட்டி வண்டியை எடுத்து வந்தேன். அந்த இரண்டுக்கும் யார் பொறுப்பு என்பது இன்னும் கடிதப் போக்குவரத்தில்தான் இருக்கிறது. புகார் கொடுக்கச் சட்டம் தரும் காலம் இரண்டு ஆண்டு. ஆய்வக அறிக்கையும், மிச்சமிருக்கும் சீல் வைத்த சீசாவும், கழற்றிய இன்ஜெக்டர்களும் வீட்டுக் கொட்டகையில் வெயில் படாத அலமாரியில் இருக்கின்றன.