விளம்பரத்துக்கு வரையும் தொழில்: குமரி மாவட்ட ஓவியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் நன்றாக வரையும் பிள்ளைகளுக்குப் பஞ்சமே இல்லை. பள்ளி ஓவியப் போட்டி, கோயில் கொடை நோட்டீஸ், சர்ச் திருவிழா பேனர் என்று தொடங்கி, ஃபிளக்ஸ் கடையில் டிசைனராகவோ, வீட்டில் ஒரு டேப்லெட்டை வைத்துக்கொண்டு தனியாகவோ விளம்பர வேலைக்குள் வந்துவிடுகிறார்கள். வந்தவர்களில் கை தேர்ந்தவர்கள்கூட சில வருடங்களில் சலித்துப்போய் வேறு வேலை தேடிப் போவதைப் பார்த்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. பேச வேண்டியதை முதலிலேயே பேசாமல், எழுதி வாங்க வேண்டியதை எழுதி வாங்காமல் வேலையை ஒப்புக்கொள்வதுதான் பெரும்பாலும் காரணம்.

தக்கலைப் பக்கம் ஒரு ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் கடை என்று வைத்துக்கொள்வோம். மீசை வைத்த ஒரு தாத்தா படம் வேண்டும் என்கிறார் கடைக்காரர். "நோட்டீசுக்குத்தான் தம்பி, சின்னதா ஒண்ணு போதும்." ஓவியரும் நோட்டீசுக்கான காசை மட்டும் வாங்கிக்கொண்டு வரைந்து கொடுக்கிறார். தாத்தாவை ஊருக்குப் பிடித்துப்போகிறது. அப்புறம் அவர் பாக்கெட் கவரில் வருகிறார், டெலிவரி வண்டியில் வருகிறார், அடுத்த கிளையின் போர்டில் ஆளுயரத்துக்கு நிற்கிறார், ரீல்ஸில் கையாட்டுகிறார். ஓவியர் போய்க் கேட்டால், "அதான் அன்னைக்கே காசு குடுத்தாச்சே தம்பி" என்று பதில் வருகிறது. கடைக்காரர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. எதற்கு மட்டும் காசு வாங்குகிறோம் என்று அவரிடம் யாருமே சொல்லவில்லை.

1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் நமக்குத் தேவையான பகுதி கொஞ்சம்தான். அதை அவசியம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சம்பளத்துக்கு வேலை பார்க்கும் இடத்தில் வேலையின் பகுதியாக வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை முதலாளிக்குத்தான். தனியாகத் தொழில் செய்பவரும் கவனமாக இருக்க வேண்டும். ஒருவர் கேட்டு, காசு கொடுத்து வரையவைத்த பெயின்டிங், உருவப்படம் போன்றவற்றுக்கு, மாற்று ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால் கேட்டவரே முதல் உரிமையாளர். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாமல் விட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாமல் விட்டால் இந்தியா முழுவதும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

ஆகவே ஒரே ஒரு தாள் போதும். எந்தப் படம், எங்கெல்லாம் போடலாம், எத்தனை வருடம், எத்தனை முறை திருத்தித் தருவோம், முன்பணம் எவ்வளவு என்று எளிய தமிழில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். "நம்ம ஊர்க்காரர்தானே, எப்படிக் கேட்பது" என்ற கூச்சம் இங்கே பலருக்கு இருக்கிறது. அந்தக் கூச்சத்தை விட்டே ஆக வேண்டும். கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லக்ஷ்மண் 1954-ல் ஏஷியன் பெயின்ட்ஸுக்காக வரைந்த 'கட்டு' (Gattu) என்ற பையன் பல பத்தாண்டுகள் அந்த நிறுவனத்தின் முகமாக இருந்தான். 1966-ல் வந்த அமுல் சிறுமி இன்றும் வருகிறாள். நல்ல கேரக்டர் ஒன்று ஒரு தலைமுறைக்கே உழைக்கும் என்பதை நினைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

பத்திரிகைக்கு ஜோக் வரைந்து பழகியவர்கள் செய்யும் தவறு வேறு மாதிரி. விகடனில் இருபது வருடத்துக்கு மேல் வரைந்த கோபுலு 1960-களில் விளம்பரத் துறைக்குப் போனார். பிறகு ஆட்வேவ் என்ற சொந்த நிறுவனத்தையும் தொடங்கினார். அங்கிருந்து இங்கே வருவதற்கு வழி இருக்கிறது, ஆனால் இரண்டையும் ஒரே வேலையாக நினைத்துவிடக் கூடாது. பத்திரிகையைக் கையில் வைத்திருப்பவர் ஜோக்கை நின்று நிதானித்துப் படிப்பார். வடசேரி பஸ் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பும் பஸ்ஸின் ஜன்னலோரத்தில் இருப்பவருக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு விநாடிதான். அதற்குள் சிரிப்பும் புரிய வேண்டும், கடையின் பெயரும் மனசில் நிற்க வேண்டும். சிரிப்பு மட்டும் நின்று கடை மறந்துபோனால், அந்தப் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் விளம்பரமாகத் தோற்றுவிட்டது. வரைந்ததை ஒரு தபால்தலை அளவுக்குச் சுருக்கி, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். அப்போது தெரியாத எதுவும் ஓடும் பஸ்ஸிலிருந்தும் தெரியாது.

செய்தித்தாளுக்கு வரைந்தால் இன்னொன்று. அந்தத் தாளில் மை கொஞ்சம் பரவும். நிழலுக்காக நெருக்கமாகப் போட்ட குறுக்குக் கோடுகள் ஒட்டிக்கொண்டு கறுப்புத் திட்டாகிவிடும். கோட்டைக் குறைத்து இடைவெளி விடுங்கள்.

நம் மாவட்டத்தில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது, படத்துக்குள் பேசுபவர்களின் பேச்சு. தேங்காய் எண்ணெய் விளம்பரத்தில் ஒரு விளவங்கோட்டு அம்மை சென்னை மெகா சீரியல் மாதிரி பேசுவாள். நம் பேச்சில் டீயைச் சொல்லும் சாயாவும், தண்ணீரைச் சொல்லும் வெள்ளமும், கூப்பிடும் மக்காவும் எங்கே போயின? "எடே மக்கா, ஒரு சாயா குடிச்சிட்டுப் போவோமா" என்று ஒரு பேச்சு பலூனில் எழுதினால் இங்கே யாரும் நின்று பார்ப்பார்கள். அதிலும் விளவங்கோட்டுப் பேச்சு வேறு, தோவாளைப் பேச்சு வேறு. எந்த ஊர்ச் சந்தைக்கு விளம்பரமோ, அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் வாசித்துக் காட்டிவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.

பொருளை நேரில் பார்க்காமல், நெட்டில் கிடைத்ததைப் பார்த்து வரைவதும் இதே வகைத் தவறுதான். அயிலை மீனின் முதுகுப் பக்கத்தில் நீளவாக்கில் கருவரிகள் ஓடும். சாளைக்கு (மத்திக்கு) அது கிடையாது. இரண்டையும் ஒன்றாக வரைந்த மீன்கடை போர்டைக் குளச்சலில் மாட்டினால் அந்தக் கடையை யார் நம்புவார்கள்? 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டிப்பழத்துக்குப் பதில் நீளமான ரோபஸ்டா சீப்பை வரைவதும் அப்படித்தான். மீனவர் என்றாலே கிழிந்த பனியனும் குடிபோதையும் என்று கார்ட்டூன் போடுவதையும் விட்டுவிட வேண்டும். தூத்தூர்க்காரர்கள் ஆழ்கடலில் போய் மீன் பிடிப்பவர்கள். அவர்களை அப்படி வரைவது அநியாயம், வியாபாரத்துக்கும் கேடு.

அச்சு விஷயத்தில் சுருக்கமாக: திரையில் மின்னும் பச்சையும் நீலமும் தாளில் மங்கும், அதனால் ஆரம்பத்திலேயே அச்சுக்கான நான்கு மை நிறமுறையான சிஎம்ஒய்கே-யில் வேலை செய்யுங்கள். நோட்டீஸ், காலண்டர் போன்றவற்றுக்கு அச்சாகும் அளவில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வைத்து, வெட்டு விளிம்புக்கு வெளியே படத்தை 3 மி.மீ. நீட்டி விடுங்கள். தமிழ் எழுத்தைக் கர்வ்ஸாக (ஃபான்ட் தேவைப்படாத கோட்டு வடிவமாக) மாற்றாமல் சிவகாசிக்கு அனுப்பினால், அங்கே அந்த ஃபான்ட் இல்லாதபோது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறிவிடும். திருத்துவதற்கு அசல் கோப்பைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வரைந்தவருக்கே வம்பு வரக்கூடிய இடங்கள். நடிகரின் முகத்தை அனுமதியில்லாமல் கடை ஃபிளக்ஸில் வைக்காதீர்கள். அக்டோபர் 2-ஐ ஒட்டிக் கன்னியாகுமரி சுற்றுலா விளம்பரத்துக்குக் காந்தி மண்டபத்தின் கட்டடத்தை வரையலாம். காந்தியின் உருவத்தையோ தேசியக் கொடியையோ வியாபாரத்துக்குப் பயன்படுத்த, மத்திய அரசின் அனுமதி இல்லாதவரை, 1950-ம் ஆண்டின் சின்னங்கள், பெயர்கள் (முறையற்ற பயன்பாடு தடுப்பு) சட்டம் தடை போடுகிறது.

அதைவிட நம் பக்கம் அடிக்கடி வருவது வைத்தியசாலை விளம்பரம். வர்மமும் சித்தமும் தழைத்த மாவட்டம் இது, அந்த வேலை நிறைய வரும். நீரிழிவு, புற்றுநோய், பக்கவாதம், வெண்குஷ்டம் போன்றவற்றைக் குணப்படுத்தும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டின் மருந்து, மந்திர நிவாரணச் சட்டம் தடுக்கிறது. அப்படிப்பட்ட விளம்பரத்தை வெளியிடுவதில் எந்த வகையிலும் பங்கெடுக்கக் கூடாது என்று அது சொல்வதால், படம் போட்டவர் "நான் வரைஞ்சு மட்டும்தான் குடுத்தேன்" என்று ஒதுங்கிக்கொள்ள முடியாது. வைத்தியரிடம் மரியாதையாக விஷயத்தைச் சொல்லுங்கள். அந்த வாக்குறுதிகளை எடுத்துவிட்டு, பெயர், படிப்பு, பதிவு எண், பார்க்கும் நேரம், ஊருக்கு வரும் வழி இவற்றை வைத்தே ஒரு நல்ல விளம்பரம் வரைந்து கொடுக்கலாம்.