பிள்ளை புரண்டு கத்தி அடிக்கிறதா? ரோத்தானை (பிரம்பை) எடுக்குமுன் செய்ய வேண்டியவை

தரையில் புரண்டு கத்தும் பிள்ளைக்குப் புத்தி சொல்லிப் பயனில்லை. அந்த நேரத்தில் எதுவும் காதில் ஏறாது. அப்போது நாம் செய்யக்கூடியது கொஞ்சம்தான். பெரிய வேலையெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது.

முதலில் ஒரு பழைய பள்ளி நோட்டை எடுங்கள். இரண்டு வாரத்துக்கு, கத்தல் வரும்போதெல்லாம் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: தொடங்குமுன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, முடிவில் அதற்கு என்ன கிடைத்தது. பலர் எழுத மறப்பது மூன்றாவதை. விடை இருப்பதோ அதில்தான். "6.10. போனை வாங்கினேன். கடித்தான். பாட்டி திருப்பிக் கொடுத்தார்" என்று நாலு இடத்தில் இருந்தால் வேறு காரணம் தேடி அலைய வேண்டாம். கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டால் போடட்டும், பாட்டிக்கு மனசு ஆறும். நோட்டை மட்டும் விடாதீர்கள்.

3 முதல் 5 வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும். பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு) போகும் அவசரத்தில் இருட்டிலேயே எழுப்பி, பாட்டி வீட்டில் விட்ட பிள்ளை சாயங்காலம் பசியும் தூக்கமுமாகத்தான் இருக்கும். குளிப்பாட்டுவதற்கு முன்பே ஒரு வாழைப்பழமோ ரொட்டியோ கொடுங்கள். போனை வெடுக்கென்று பிடுங்காதீர்கள். "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்பது மூன்று வயதுக்குப் புரியாது. "இந்தப் பாட்டு முடிஞ்சதும் போன் சார்ஜருக்குப் போகுது" என்றால் புரியும்.

கத்தல் தொடங்கிவிட்டதா? கத்தியையும் சுடுதண்ணீரையும் எட்ட வையுங்கள், தம்பி தங்கையை வேறு அறைக்கு அனுப்புங்கள். பக்கத்திலேயே உட்காருங்கள், பேச்சைக் குறையுங்கள். வெறும் கத்தல் என்றால் கண்டுகொள்ளாதீர்கள். அடி, கடி என்றால் அப்படி விடக் கூடாது. மணிக்கட்டை மெதுவாகப் பிடித்து, "அடிக்க விடமாட்டேன்" என்று ஒரே முறை சொல்லுங்கள். கை தளர்ந்ததும் விட்டுவிடுங்கள். குப்புறப் படுக்க வைத்து அழுத்துவதும் மேலே உட்காருவதும் மூச்சை அடைத்துவிடும். கோபக் கத்தல் அழுகையாக மாறினால் ஆறத் தொடங்கிவிட்டது என்று பொருள். தூக்கி அணைப்பது அப்போதுதான்.

கேட்டது கிடைக்காது என்றானதும் முதல் சில நாள் கத்தல் கூடும். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்று அன்றைக்கு விட்டுக்கொடுத்தால், இன்னும் பலமாகக் கத்தினால் கிடைக்கும் என்று பிள்ளை படித்துக்கொள்ளும். அதனால் பக்கத்து வீட்டு அக்காவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அதைவிட முக்கியம், அப்பா, அம்மா, பாட்டி மூவரும் ஒரே பேச்சாக இருப்பது. ஐந்தில் ஒரு தடவை கிடைத்தாலும் பழக்கம் விடாது.

ரோத்தான் அப்போதைக்கு வாயை அடைக்கும், உண்மைதான். ஆனால் அடிக்காதே என்று அடித்துச் சொன்னால், பெரியவன் சின்னவனை அடிக்கலாம் என்றுதான் பிள்ளைக்குப் படும். ஆறிய பிறகு நாலு வார்த்தை போதும்: "கோபம் வரலாம். அடிக்கக் கூடாது. உதவி வேணும்னு சொல்லு." அடுத்த முறை கையை ஓங்காமல் வந்து கேட்டால், "கேட்டு வாங்கினியே, நல்லது" என்று அங்கேயே பாராட்டுங்கள்.

அழுதபடி மூச்சை அடக்கி நீலம் பாரித்துச் சில பிள்ளைகள் மயங்குவதுண்டு. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். உலுக்காதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பெரும்பாலும் ஒரு நிமிஷத்துக்குள் தெளிந்துவிடும். தெளியாவிட்டால் மலேசியாவின் அவசர எண் 999-ஐ அழையுங்கள். தெளிந்தாலும் ஒரு முறை டாக்டரிடம் காட்டுங்கள். இரும்புச்சத்துக் குறைவிலும் இது வரும்.

கத்தல் அடிக்கடி 25 நிமிஷத்தைத் தாண்டினாலோ, பிள்ளை தன்னையே காயப்படுத்திக்கொண்டாலோ, நாலு வயதுக்குப் பிறகும் தினமும் நடந்தாலோ கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்கு) போங்கள். இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை, பேசிய சொற்கள் மறைகின்றன என்றால் காத்திருக்கவே வேண்டாம். காது சோதனையையும் கேட்டு வாங்குங்கள். பிள்ளையின் சுகாதாரப் புத்தகம், அந்த நோட்டு, போனில் எடுத்த அரை நிமிஷக் காணொளி மூன்றையும் கொண்டுபோங்கள். டாக்டர் முன்னால் பிள்ளை சாதுவாக உட்கார்ந்திருக்கும்! தேவைப்பட்டால் அங்கிருந்து நிபுணருக்குக் கடிதம் தருவார்கள். பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் இருப்பவர்களுக்கு அது ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியாக இருக்கலாம்.

உங்கள் கையே ஓங்குகிறது என்றால் பிள்ளையைப் பத்திரமான இடத்தில் விட்டு, வாசலில் இரண்டு நிமிஷம் நில்லுங்கள். அப்படியும் அடங்கவில்லையா, தாலியான் காசே என்ற அரசாங்க உதவி எண் 15999-ஐ அழையுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள்.