கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லாதீர்கள்

மல்லிகை மொட்டு பகல் முழுக்க மூடியே கிடக்கிறதே, சாயங்காலம் மட்டும் எப்படி விரிகிறது என்று ஏழெட்டு வயதுப் பிள்ளை கேட்டால் "தொணதொணக்காதே" என்று வாயை அடைப்பதும் தப்பு, கூகுளில் பார்த்து முழுப் பதிலையும் ஒப்பிப்பதும் தப்புதான். இரண்டிலும் தேடுகிற வேலையைப் பிள்ளையிடமிருந்து நாம் பிடுங்கிவிடுகிறோம்.

பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்துக் கற்கும் மாண்டிசோரி கல்வி முறையில் ஆறு வயதுக்கு மேல் "ஏன், எப்படி" என்று குடையும் பருவம். அதை உருவாக்கிய இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939ல் அடையாறுக்கு வந்தவர், உலகப் போர் சமயத்தில் நம் கொடைக்கானலில் தங்கியிருந்தபோதுதான் இந்த வயதுக்கான கல்வியை விரிவாக வளர்த்தெடுத்தார்.

சரி, என்ன செய்யலாம்? "உனக்கு என்ன தோணுது?" என்று முதலில் கேளுங்கள். தோன்றியதைப் பிள்ளையே நோட்டில் எழுதட்டும், தப்பாக இருந்தாலும் திருத்தவேண்டாம். அப்புறம் கேள்வியைச் சின்னதாக்க உதவுங்கள், பெரியவர்கள் செய்யவேண்டிய பெரிய வேலையே இதுதான். "மல்லிகையைப் பற்றி எழுது" என்றால் எங்கே தொடங்குவதென்றே தெரியாது, "குளிர்ச்சியில் வைத்தால் மெதுவாக விரியுமா?" என்றால் இன்று மத்தியானமே தொடங்கிவிடலாம். பத்து மொட்டை ஈரத்துணியில், பத்தை டப்பாவில் மூடி ஃப்ரிட்ஜில், பத்தைச் சன்னலோரத் தட்டில் வைத்து, மணிக்கொரு தடவை எத்தனை விரிந்தது என்று எண்ணிப் பக்கத்திலேயே படமும் வரையட்டும். நடுவில் போய் "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், பிள்ளை அதோடு பென்சிலைக் கீழே வைத்துவிடும்.

வீட்டில் கிடைக்காததைத் தேடி வெளியே போவதும் இந்த முறையில் உண்டு. வகுப்பையே பஸ்ஸில் ஏற்றும் சுற்றுலா அல்ல. இரண்டு மூன்று பிள்ளைகள், கையில் ஒரு கேள்வி, எப்படிப் போவது, யாரைக் கேட்பது என்று திட்டம் போடுவதும் அவர்களே. மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு வியாபாரம் ஓய்ந்த நேரமாகப் பார்த்துப் போங்கள். "மாமா, வெளியூருக்கு அனுப்புற பூ வழியில விரியாம எப்படிப் பாத்துக்கிறீங்க?" என்று பிள்ளை கேட்கும்போது நாலடி தள்ளி நில்லுங்கள், திக்கினாலும் எடுத்துக் கொடுக்கவேண்டாம். 2023ல் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் அப்படித்தான், எந்த அலமாரி என்று நூலகரிடம் பிள்ளையே கேட்கட்டும்.

ஆறு வயதுக்குக் கீழே என்றால் இவ்வளவு வேண்டாம். கண்ணை மூடி மல்லியா பிச்சியா என்று மோந்து சொல்வதே பெரிய ஆராய்ச்சி.

பாதியில் ஆர்வம் போய்விட்டால் விரட்டாதீர்கள். கேள்வி நோட்டில் இருக்கட்டும், பிள்ளையே திரும்ப எடுக்கிற அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.