ஊனோ வழியாக இஎஸ்பி32-கேமில் கோட் ஏற்றுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் இஎஸ்பி32-கேம் (கேமராவும் வைஃபையும் உள்ள சின்ன போர்டு) வாங்கும் மாணவர்கள் பலர், கூடவே அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் யூஎஸ்பி-டிடிஎல் கன்வெர்ட்டரை வாங்குவதில்லை. இந்த போர்டில் யூஎஸ்பி சாக்கெட் கிடையாது. ஆனால் அறையில் ஒரு ஆர்டுயினோ ஊனோ போர்டு கிடக்கிறது, அதை வைத்தே ஏற்றிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். கணக்கு சரிதான், வயரிங்தான் தப்பாகிறது. திரையில் 'கனெக்டிங்' என்று வந்து புள்ளி புள்ளியாக ஓடி நின்றுவிடும். உடனே "போர்டு செத்துப்போச்சு" என்று முடிவு கட்டி, மறுபடி அதே கடை, இன்னொரு போர்டு. முதல் போர்டு பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும்.

கேபிள் லூஸ், தப்பான போர்ட் எண் போன்றவற்றை இங்கே தொடவில்லை. அவை தானாகவே கண்ணில் படும்.

டிஎக்ஸ், ஆர்எக்ஸை மாற்றிப் போடுவது

டிஎக்ஸ் என்றால் பேசும் பின், ஆர்எக்ஸ் என்றால் கேட்கும் பின். "ஒன்றின் டிஎக்ஸ் இன்னொன்றின் ஆர்எக்ஸுக்கு" என்பதை எல்லோரும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். இந்த ஒரு இடத்தில் அந்த மனப்பாடமே காலை வாரும். எரிச்சல் என்னவென்றால், இணையத்தில் கிடக்கும் படங்களில் பாதி ஒருவிதமாகவும் பாதி வேறுவிதமாகவும் இருக்கும், ஏன் என்று யாரும் சொல்வதில்லை.

ஊனோ ஆர்3-இலும் அதன் நகல்களிலும் இரண்டு சிப்கள் உண்டு. பெரியது ஏடிமெகா328பி, உங்கள் ஸ்கெட்ச் (ஆர்டுயினோ புரோகிராம்) ஓடுவது அதில்தான். யூஎஸ்பி சாக்கெட் பக்கத்தில் இருக்கும் சின்னது, ஒரிஜினல் ஊனோ ஆர்3-இல் ஏடிமெகா16யு2, மலிவான நகல்களில் பெரும்பாலும் சிஎச்340. கம்ப்யூட்டரோடு பேசுவது இந்தச் சின்ன சிப்தான். ஆனால் 0, 1 பின்களுக்குப் பக்கத்தில் அச்சடித்த ஆர்எக்ஸ், டிஎக்ஸ் என்ற பெயர்கள் பெரிய சிப்பைப் பொறுத்தவை. 0-வது பின்னில் பெரிய சிப் கேட்கிறது என்றால், அதே பின்னில் சின்ன சிப் பேசுகிறது என்று அர்த்தம்.

ஊனோவின் ரீசெட் பின்னை கிரவுண்டோடு இணைத்ததும் பெரிய சிப் வாயை மூடிக்கொள்ளும். மிச்சம் இருப்பது சின்ன சிப் மட்டும். கம்ப்யூட்டர் அனுப்பும் தகவல் 0-வது பின் வழியாக வெளியே வரும். அது போக வேண்டிய இடம் கேமரா போர்டு கேட்கும் பின், அதாவது யு0ஆர். அதேபோல 1-வது பின், கேமரா போர்டு பேசும் பின்னான யு0டி-க்கு. ஆர்எக்ஸ் ஆர்எக்ஸுக்கு, டிஎக்ஸ் டிஎக்ஸுக்கு, நேருக்கு நேர்.

மாற்றிப் போட்டால் யு0டி-யும் சின்ன சிப்பின் வெளியீடும் ஒன்றோடொன்று முட்டும், யு0ஆர்-இடம் பேச ஆளே இருக்காது. ஊனோவுக்குள் அந்த இரு வழியிலும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இருப்பதால் பொதுவாக எதுவும் உடனே எரியாது. புகை இல்லை, சூடு இல்லை, பதிலும் இல்லை. இந்த நிலையில்தான் ஆட்கள் டிரைவரை அழித்துப் போடுகிறார்கள், பாட் ரேட்டை (தகவல் போகும் வேகத்தை) மாற்றுகிறார்கள், கடைசியில் 5 வோல்ட் வயரை 3.3 வோல்ட் பின்னில் குத்திப் பார்க்கிறார்கள். அந்த நிமிடத்தில் போர்டு நிஜமாகவே செத்துப்போகும்.

சந்தேகம் வந்தால் கேமரா போர்டைக் கழற்றி வைத்துவிட்டு இதைச் செய்யுங்கள். ரீசெட் கிரவுண்டில் இருக்கட்டும். 0, 1 பின்களை ஒரு ஜம்பரால் இணைத்து, சீரியல் மானிட்டரில் எதையாவது தட்டுங்கள். தட்டியது அப்படியே திரும்பி வந்தால் யூஎஸ்பி பக்கம் சுத்தம். அடுத்து அந்த ஜம்பரை எடுத்துவிட்டு, கேமராவுக்குப் போகும் இரண்டு வயர்களின் மறுமுனைகளை ஒன்றாகச் சேர்த்து மறுபடி தட்டுங்கள். இப்போது வரவில்லை என்றால் குற்றவாளி ஜம்பர் வயர். கட்டாக வாங்கும் மலிவு ஜம்பர்களில் உள்ளே அறுந்தவை ஒன்றிரண்டு இருக்கத்தான் செய்யும்.

ரீசெட்டை கிரவுண்டில் போடாமல், பெரிய சிப்பில் ஒரு ஸ்கெட்ச் போட்டு வேறு பின்கள் வழியாகத் தகவலைக் கடத்தினால் கதை தலைகீழ், அங்கே மாற்றித்தான் போட வேண்டும். அந்த வழி வேண்டாம் என்பேன். சாதாரணப் பின்களைப் பேச வைக்கும் சாஃப்ட்வேர் சீரியல் 115200 வேகத்தில் தடுமாறும்.

லியனார்டோ, புரோ மைக்ரோ

ரீசெட் தந்திரம் இந்த ஆர்டுயினோ வகைப் போர்டுகளில் வேலை செய்யாது. யூஎஸ்பியும் ஸ்கெட்ச்சும் ஒரே சிப்பில்.

இருக்கும் ரெசிஸ்டரை மறப்பது

ஊனோ 5 வோல்ட்டில் பேசும், இஎஸ்பி32 3.3 வோல்ட் சிப். நடுவில் வோல்டேஜ் டிவைடர் (வோல்ட்டைக் குறைக்கும் ரெசிஸ்டர் ஜோடி) வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் என்று வாங்கி, படத்தில் உள்ளபடியே போட்டுவிடுகிறார்கள். ஆனால் 0-வது பின்னுக்குப் பின்னால் ஏற்கெனவே 1 கிலோ ஓம் இருக்கிறது. மொத்தம் 4 கிலோ ஓமில் 2 கிலோ ஓமுக்கு மேல் கிடைப்பது 2.5 வோல்ட். இஎஸ்பி32 'ஹை' என்று ஏற்க அதன் சப்ளையில் 75 சதவீதம், அதாவது ஏறக்குறைய 2.48 வோல்ட் வேண்டும். விளிம்பில் நிற்கிறது. காலையில் ஏறிய கோட் மாலையில் ஏறாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

0-வது பின்னை நேராக யு0ஆர்-க்குக் கொடுத்து, அங்கிருந்து கிரவுண்டுக்கு ஒரே ஒரு 2.2 கிலோ ஓம் போடுங்கள். சுமார் 3.4 வோல்ட் வரும், போதும். நகல் போர்டுகளில் உள்ளிருக்கும் மதிப்பு மாறலாம் என்பதால், கேமராவை மாட்டும் முன் மல்டிமீட்டரில் பாருங்கள். தகவல் ஓடாதபோது சீரியல் லைன் 'ஹை'யிலேயே நிற்கும், ஆகவே சாதாரண டிசி அளவீடே உண்மையைச் சொல்லும். 3.6-ஐத் தாண்டினால் மாட்டாதீர்கள்.

3.3 வோல்ட் பின்னிலிருந்து பவர்

ஊனோவின் 3.3 வோல்ட் பின் தருவது 50 மில்லி ஆம்பியர்தான். வைஃபை எழும்பும் நொடியில் இஎஸ்பி32 கேட்பது அதைவிடப் பல மடங்கு. கேமரா போர்டின் 5 வோல்ட் பின்னுக்கு ஊனோவின் 5 வோல்ட்டைக் கொடுங்கள், நீளம் குறைந்த வயரில். 'பிரவுன்அவுட்' (வோல்டேஜ் சரிவு) என்று சீரியல் மானிட்டரில் வந்தால் போர்டின் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 470 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. பிளஸ், மைனஸ் பார்த்து.

கிரவுண்டு

தனி அடாப்டரில் பவர் கொடுத்தாலும் கிரவுண்டு பொதுவாகவே இருக்க வேண்டும்.

ஐஓ0

கேமரா போர்டைக் கோட் ஏற்றும் நிலைக்குக் கொண்டுபோகும் பின் இது. முதலில் ஐஓ0-வை கிரவுண்டில் இணைத்து, பிறகு கேமரா போர்டின் ரீசெட். வரிசை மாறினால் பழைய கோடே ஓடும். ரீசெட் பட்டன் போர்டின் அடிப்பக்கம் இருப்பதால் பிரெட்போர்டில் குத்திய பின் விரல் எட்டாது, 5 வோல்ட் வயரைப் பிடுங்கிச் செருகினால் போதும். சீரியல் மானிட்டரில் 115200 வேகத்தில் 'வெயிட்டிங் ஃபார் டவுன்லோடு' என்று வந்தால் போர்டு தயார். ஏற்றி முடித்ததும் ஐஓ0 வயரைக் கழற்றி, பவரைத் துண்டித்து மறுபடி கொடுங்கள்.

இதே பழக்கத்தை ஏடிடைனி85-க்குக் கொண்டுபோவது

ஏடிடைனி85 ஒரு சின்ன தனி சிப். அங்கே ஊனோ ஐஎஸ்பி புரோகிராமர் (வேறொரு சிப்பில் கோட் எழுதும் கருவி), ஊனோவின் பெரிய சிப்தான் வேலை செய்ய வேண்டும். ரீசெட்டை கிரவுண்டில் போட்டால் எல்லாம் நின்றுவிடும். ஊனோவின் 10-வது பின் டைனியின் ரீசெட்டுக்கு, 11, 12, 13 முறையே டைனியின் மோசி, மிசோ, எஸ்சிகே பின்களுக்கு. ஆர்டுயினோ ஐஎஸ்பி ஸ்கெட்ச்சை ஏற்றிய பிறகு, ஊனோவின் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர், பிளஸ் முனை ரீசெட் பக்கம். அது இல்லையென்றால் கம்ப்யூட்டர் சீரியல் போர்ட்டைத் திறக்கும்போதெல்லாம் ஊனோ ரீசெட் ஆகி, அதன் பூட்லோடரே (கோட் ஏற்ற உதவும் உள் புரோகிராம்) பதில் சொல்லும். 'சிக்னேச்சர்' (சிப்பின் அடையாள எண்) பொருந்தவில்லை என்ற பிழையில் ஏடிமெகா328பி-யின் எண் தெரிந்தால், டைனியைச் சந்தேகப்படாமல் கெப்பாசிட்டரைப் பாருங்கள். ஊனோவில் வேறு ஸ்கெட்ச் ஏற்றும் முன் அதைக் கழற்றிவிட வேண்டும்.