பட்டம் வென்றது கோச்சா, குவார்ட்டர்பேக்கா? கணக்குப் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 ஜனவரி 13 இரவு. நியூ ஆர்லியன்ஸில் எல்எஸ்யு (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) அணி கிளெம்சனை 42-25 என்று வீழ்த்தி அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் தேசியப் பட்டத்தைத் தூக்கியது. அந்தப் பருவத்தில் ஆடிய 15 ஆட்டங்களிலும் வெற்றி. கோச் எட் ஓர்ஜெரான் அந்த லூசியானா மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர். ஊரில் அவருக்குச் சிலை வைக்காத குறைதான். 21 மாதம்தான் போயிருக்கும். 2021 அக்டோபரில் அதே பல்கலைக்கழகம், சுமார் 1.7 கோடி டாலர் இழப்பீடு கொடுத்து அவரை அனுப்பிவிடப் போவதாக அறிவித்தது.

இடையில் என்ன நடந்தது என்று யாரைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: ஜோ பர்ரோ போய்விட்டார். நட்சத்திரக் குவார்ட்டர்பேக் இருந்தவரை கோச் ராஜா, அவர் போனதும் ஆண்டி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ஆண்டுகளைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால் கதை அவ்வளவு சுலபமாக முடிவதில்லை. இந்த விவாதத்தில் திரும்பத் திரும்ப வரும் சில தவறுகளைப் பார்ப்போம்.

விளையாட்டுக்குப் புதியவர்களுக்கு இரண்டு வரி. இது காலால் உதைத்து ஆடும் நம்ம ஊர் ஃபுட்பால் அல்ல. தாக்கும் அணிக்குப் பத்து யார்டு முன்னேற நான்கு முயற்சிகள். ஏறக்குறைய ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் வருவது குவார்ட்டர்பேக்கின் கைக்கு. எறிவதா, ஓடுபவரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்பது அவர் வழியாகத்தான் நடக்கும். அதனால்தான் இந்த மவுசு. இன்னொன்றும் முக்கியம்: தாக்கும் பதினொருவர் வேறு, தடுக்கும் பதினொருவர் வேறு. எதிரணி தாக்கும்போது நம் நட்சத்திரம் எல்லைக்கோட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். இதை மறந்துவிட்டுப் பேசுவதால்தான் பாதிக் குழப்பம்.

ஒரே ஒரு பருவத்தை வைத்து எடை போடுவது

கல்லூரி ஃபுட்பாலில் ஆண்டின் சிறந்த வீரருக்குத் தருவது ஹைஸ்மன் விருது. 2010 முதல் 2023 வரையிலான 14 விருதுகளில் 12 குவார்ட்டர்பேக்குகளுக்கே போயின. அந்தப் பன்னிரண்டு பேரில் அதே பருவத்தில் தேசியப் பட்டமும் வென்றவர்கள் மூன்றே பேர்: 2010-இல் ஆபர்னின் கேம் நியூட்டன், 2013-இல் ஃப்ளோரிடா ஸ்டேட்டின் ஜேமிஸ் வின்ஸ்டன், 2019-இல் எல்எஸ்யுவின் பர்ரோ.

அந்த மூவரின் கோச்சுகள் என்ன ஆனார்கள்?

ஆபர்னின் ஜீன் சிஸிக், அங்கே வருவதற்கு முன் ஐயோவா ஸ்டேட்டில் இரண்டு ஆண்டுகளில் 5 வெற்றி, 19 தோல்வி கண்டவர். நியூட்டன் வந்து ஆடிய ஒரே பருவத்தில் 14-0, அதாவது 14 வெற்றி, தோல்வியே இல்லை, பட்டம். இரண்டே ஆண்டில், 2012-இல், 3-9. வேலை போயிற்று.

ஃப்ளோரிடா ஸ்டேட்டின் ஜிம்போ ஃபிஷரை 2017 டிசம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் கொத்திக்கொண்டு போனது. பத்து ஆண்டுக்கு 7.5 கோடி டாலர், முழுத் தொகைக்கும் உத்தரவாதம். அங்கே அவருக்கு இன்னொரு வின்ஸ்டன் அமையவில்லை. 2020-இல் 9-1 என்ற ஒரு நல்ல பருவம், 2022-இல் 5-7. 2023 நவம்பரில் நீக்கினார்கள். இடையில் ஒப்பந்தத்தையும் நீட்டித்திருந்ததால், போகும்போது கொடுக்க வேண்டியிருந்த தொகை மறுபடியும் 7.5 கோடி டாலருக்கு மேல். வருவதற்கு ஒரு விலை, போவதற்கு அதே விலை. நம் ஆட்களிடம் கேட்டிருந்தால் அந்தக் காசில் இரண்டு என்ஜினியரிங் காலேஜ் கட்டியிருப்பார்கள்.

மூன்றாமவர் ஓர்ஜெரான். எல்எஸ்யுவுக்கு முன்பு ஓல் மிஸ் என்று அழைக்கப்படும் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் அவர் கணக்கு 10-25.

மூவரும் இன்னொரு பட்டம் வெல்லவில்லை. இதைப் பார்த்ததும் "பார்த்தாயா, எல்லாம் குவார்ட்டர்பேக்தான்" என்று முடித்துவிடத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அதுவே அடுத்த தவறு.

கூடவே போனவர்களை எண்ணாமல் விடுவது

2018-இலும் எல்எஸ்யு குவார்ட்டர்பேக் பர்ரோதான், கோச் ஓர்ஜெரான்தான். ஓஹையோ ஸ்டேட்டில் வாய்ப்புக் கிடைக்காமல் பர்ரோ அந்த ஆண்டுதான் இங்கே மாறி வந்திருந்தார். அந்தப் பருவம் முழுவதும் அவர் எறிந்த டச்டவுன் பாஸ்கள் (பந்தை எதிரணியின் கடைசி எல்லைக்குள் சேர்த்துப் புள்ளி வாங்கித் தரும் எறிதல்கள்) 16. அடுத்த ஆண்டு 60. அந்த 60 அன்றைக்குச் சாதனை. அதே பையன், அதே தலைமைக் கோச், ஒரே ஒரு ஆண்டு இடைவெளி. 2018-இல் பர்ரோவை நட்சத்திரம் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

நடுவில் வந்தவர் ஜோ பிரேடி. நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இளைஞர். பாஸ் ஆட்டத்தை வகுக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்தார்கள். பந்தைப் பிடிக்க ஜஸ்டின் ஜெஃபர்சனும் ஜமார் சேஸும் இருந்தார்கள். பருவம் முடிந்ததும் பிரேடி, என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கில் கரோலினாவுக்குப் போனார். தடுப்பாட்டத்தைக் கவனித்த டேவ் அராண்டா பேய்லர் பல்கலைக்கழகத்தின் தலைமைக் கோச் ஆனார். அந்த அணியிலிருந்து மட்டும் 14 பேர், என்எஃப்எல் அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகப் பொறுக்கி எடுக்கும் 2020 டிராஃப்டில் தேர்வானார்கள், அதில் ஐவர் முதல் சுற்றில். ஜமார் சேஸ், கொரோனா ஆண்டில் ஆட வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார்.

அப்புறம் 2020-இன் முதல் ஆட்டம். மிசிசிப்பி ஸ்டேட்டிடம் 44-34 என்று தோல்வி. எல்எஸ்யு 34 புள்ளி எடுத்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பர்ரோ இல்லாமலே. விட்டது எங்கே? எதிரணிக் குவார்ட்டர்பேக்கை 623 யார்டு எறிய விட்டார்கள்! அந்த ஓட்டையைப் பர்ரோ இருந்தாலும் அடைத்திருக்க முடியாது. அவர் பெஞ்சில்தானே உட்கார்ந்திருப்பார்.

ஆக ஓர்ஜெரான் சறுக்கியது ஒரு பையனை இழந்ததால் மட்டும் இல்லை. பிரேடிக்கும் அராண்டாவுக்கும் சரியான மாற்று ஆளைப் பிடிக்காததால். அது தலைமைக் கோச்சின் வேலை. என்னைக் கேட்டால், ஒரு கோச்சைப் பற்றி விசாரிக்க வேண்டிய முதல் கேள்வி "உன் குவார்ட்டர்பேக் யார்" என்பது அல்ல, "உன் உதவியாளர்கள் போனபோது யாரைக் கொண்டுவந்தாய்" என்பதுதான். ஆபர்னிலும் இதே கதை உண்டு. நியூட்டனின் ஆட்டத்தை வகுத்தவர் கஸ் மால்சான் என்ற உதவியாளர். அவர் வெளியே போன ஆண்டில்தான் அந்த 3-9. அவரே 2013-இல் தலைமைக் கோச்சாகத் திரும்பி வந்து, நியூட்டன் இல்லாமலே ஆபர்னை மறுபடியும் இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார்.

நட்சத்திரம் இருந்தால் போதும் என்று நினைப்பது

பேட்ரிக் மஹோம்ஸ் கல்லூரியில் எப்படி ஆடினார் என்று கேட்டால் பலருக்கும் நினைவு இருக்காது. டெக்சஸ் டெக்கில் ஆடினார். 2016 அக்டோபரில் ஓக்லஹோமாவுக்கு எதிரான ஆட்டத்தில் 88 பாஸ் எறிந்து, 734 யார்டு எடுத்தார். அணி எடுத்தது 59 புள்ளி. தோற்றது. ஏனென்றால் எதிரணி எடுத்தது 66.

இதில் ஒரு கூத்து உண்டு. எதிரணியில் இருந்து ஏழு டச்டவுன் எறிந்த பேக்கர் மேஃபீல்டு, மூன்று ஆண்டுக்கு முன் டெக்சஸ் டெக்கிலேயே ஆடியவர், அதுவும் ஸ்காலர்ஷிப் இல்லாமல். ஆக கோச் கிளிஃப் கிங்ஸ்பரியின் கைவழியாகப் போன குவார்ட்டர்பேக்குகளில் ஒருவர் பின்னாளில் ஹைஸ்மன் வென்றார், இன்னொருவர் என்எஃப்எல்லின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல்களை வென்றார். அவர் அந்த வேலையில் இருந்த ஆறு ஆண்டுகளின் மொத்தக் கணக்கு 35 வெற்றி, 40 தோல்வி. 2018-இல் அனுப்பிவிட்டார்கள்.

லூயிவில்லில் லாமர் ஜாக்சனும் 2016-இல் ஹைஸ்மன் வாங்கினார். அணி அந்தப் பருவத்தில் 9-4, அடுத்தது 8-5. அவர் போனதும் 2-10. ஜாக்சன் பட்டம் வாங்கித் தரவில்லை, அணியின் விரிசலைத்தான் இரண்டு வருடம் மறைத்து வைத்திருந்தார்.

லிங்கன் ரைலி இதைவிட யோசிக்க வைக்கிறார். மேஃபீல்டு, கைலர் மர்ரி, கேலப் வில்லியம்ஸ் என்று மூன்று ஹைஸ்மன் குவார்ட்டர்பேக்குகள் அவர் தலைமையில் ஆடியவர்கள். குவார்ட்டர்பேக்கை வளர்ப்பதில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஓக்லஹோமாவோடு 2017, 2018, 2019 என்று மூன்று முறை அரையிறுதிக்குப் போய் மூன்றிலும் தோல்வி. எதிரணிகள் எடுத்த புள்ளிகள் 54, 45, 63. அந்த 63, நம் பர்ரோவின் கைவேலை. முதல் பாதியிலேயே ஏழு டச்டவுன் எறிந்தார்.

எதிர்ப்பக்கம் சாய்வது

இவ்வளவும் படித்த பிறகு "அப்படியானால் குவார்ட்டர்பேக்கே தேவையில்லை" என்று கிளம்புவார்கள் சிலர். அவர்களுக்குப் பிடித்த உதாரணம் அலபாமாவின் நிக் சேபன். ஏழு பட்டங்கள். 2010 ஜனவரி இறுதி ஆட்டத்தில் அவருடைய குவார்ட்டர்பேக் கிரெக் மெக்எல்ராய் பூர்த்தி செய்த பாஸ்கள் வெறும் 6, எடுத்தது 58 யார்டு. டெக்சஸை 37-21 என்று வென்றார்கள். ஓட்டமும் தடுப்பும் வேலையை முடித்தன. அந்தப் பருவத்தின் ஹைஸ்மனை வென்ற பிரைஸ் யங்கை வைத்துக்கொண்டு 2022 ஜனவரி இறுதியில் ஜார்ஜியாவிடம் 33-18 என்று தோற்றதும் இதே சேபன்தான்.

ஆனால் முதல் ஆட்டத்திலேயே ஒன்றைச் சொல்லாமல் விடுகிறார்கள். டெக்சஸின் நட்சத்திரம் கோல்ட் மெக்காய் ஆரம்பத்திலேயே தோளில் அடிபட்டு வெளியேறினார். எதிரணியின் குவார்ட்டர்பேக் விழுந்ததும் ஒரு காரணம்தானே?

தவிர, சேபனே மாறினார். 2014-இல் லேன் கிஃபினைத் தாக்குதல் பொறுப்புக்குக் கொண்டுவந்து, பந்தை அதிகம் எறியும் பாணிக்கு நகர்ந்தார். 2018 ஜனவரி இறுதியில் ஜார்ஜியாவிடம் பாதி நேரத்தில் 13-0 என்று பின்தங்கியபோது, அதுவரை இரண்டே ஆட்டங்களில் தோற்றிருந்த ஜேலன் ஹர்ட்ஸை உட்கார வைத்துவிட்டு, முதலாண்டு மாணவர் டூவா டாங்கோவைலோவாவை இறக்கினார். 26-23 என்று கூடுதல் நேரத்தில் பட்டம். குவார்ட்டர்பேக் முக்கியமில்லை என்று நினைப்பவர் அந்தச் சூதாட்டத்தை ஆட மாட்டார். அந்த அளவு மாற்று ஆளைப் பெஞ்சில் வைத்திருந்ததுதான் சேபனின் கெட்டிக்காரத்தனம்.

ஜார்ஜியாவின் ஸ்டெட்சன் பென்னெட்டையும் இப்படித்தான் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். ஸ்காலர்ஷிப் இல்லாமல் வந்தவர், 2021, 2022 இரண்டிலும் பட்டம். முதல் பட்டத்தில் அவருக்குப் பின்னால் இருந்த தடுப்பணியிலிருந்து ஐந்து பேர் என்எஃப்எல் முதல் சுற்றில் போனார்கள் என்பது உண்மை. ஆனால் இரண்டாம் ஆண்டில் அவர் 4,000 யார்டுக்கு மேல் எறிந்து ஹைஸ்மன் இறுதிப் பட்டியலிலும் இருந்தார். "சாதாரணப் பையன்" என்ற பட்டம் அவர் மேல் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

ஓஹையோ ஸ்டேட்டின் 2014 பருவத்தை மட்டும் எந்தப் பக்கத்துக்கும் முழுதாகக் கொடுக்க முடியாது. முதல் குவார்ட்டர்பேக் ஆகஸ்டிலேயே தோளில் அடிபட்டார். இரண்டாமவர் நவம்பரில் கணுக்கால் உடைந்து விழுந்தார். மூன்றாமவர் கார்டேல் ஜோன்ஸ் வந்து விஸ்கான்சினை 59-0, அலபாமாவை 42-35, ஹைஸ்மன் வென்ற மரியோட்டாவின் ஓரிகனை 42-20 என்று வரிசையாக வென்றார். அந்த மூன்று ஆட்டங்களிலும் எசேக்கியேல் எலியட் 200 யார்டுக்கு மேல் ஓடினார் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டு ஜோன்ஸ் தன் இடத்தையே இழந்தார். மூன்றாவது ஆளையும் தயாராக வைத்திருந்தது கோச் அர்பன் மேயரின் பெருமை. ஆனாலும் அந்த மூன்று இரவுகளில் ஜோன்ஸ் எறிந்ததை வேறு யாரும் எறியவில்லை.

பின்னாளைய புகழைக் கல்லூரிக் கணக்கில் சேர்ப்பது

2025 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌலில் ஃபிலடெல்ஃபியா, கான்சஸ் சிட்டியை 40-22 என்று வென்றது. இரண்டு குவார்ட்டர்பேக்குகளில் ஒருவர், சேபன் இறுதி ஆட்டத்தின் பாதியில் உட்கார வைத்த ஜேலன் ஹர்ட்ஸ். பிறகு அவர் ரைலியிடம் போய் ஹைஸ்மனில் இரண்டாம் இடம் பிடித்து, அந்த 63 புள்ளி ஆட்டத்தில் பர்ரோவிடம் தோற்றவர். இன்னொருவர், கல்லூரியின் கடைசிப் பருவத்தை 5-7 என்று முடித்த மஹோம்ஸ்.