வாடகை ஒப்பந்தம் முடியும்போது செய்யக்கூடாத தவறுகள்

அக்ரிமென்ட் தேதி முடிந்த மறுநாளே வீடு கைக்கு வந்துவிடும் என்று ஓனர்கள் பலர் நம்புகிறார்கள். வராது. தமிழ்நாட்டின் நகர்ப்பகுதிகளில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருப்பது 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். அதன் 5ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவும் இல்லை, வீட்டைக் காலி செய்யவும் இல்லை என்றால், பழைய நிபந்தனைகளிலேயே வாடகை மாதாமாதம் நீடிக்கும். அதிகபட்சம் 6 மாதம்.

எனவே புதுப்பிக்க விருப்பமில்லை என்றால் வாய்வார்த்தையோடு நிறுத்தக் கூடாது. முடிவுத் தேதியைக் குறிப்பிட்டு, பெற்றுக்கொண்டதற்கான சான்று கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸை முன்கூட்டியே அனுப்புங்கள். குடியிருப்பு முடிவுக்கு வந்த பிறகும் காலி செய்யாதவரிடம் முதல் 2 மாதம் இரட்டிப்பு வாடகையும் அதன்பின் நான்கு மடங்கும் கேட்க 23ஆம் பிரிவு இடம் தருகிறது. முடிந்த தேதிக்கு எழுத்துச் சான்று இல்லாவிட்டால் அந்தக் கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

11 மாத ஒப்பந்தத்துக்குப் பதிவே வேண்டாம் என்பது அரைகுறை உண்மை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் பத்திரப்பதிவு கட்டாயம் என்பது சரி. ஆனால் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, காலம் எவ்வளவு குறைவானாலும் வாடகை அதிகாரியிடம் (இந்தச் சட்டத்தின்கீழ் நியமிக்கப்பட்ட அரசு அதிகாரி) பதிய வேண்டும்.

எல்லாவற்றிலும் மோசமான தவறு, பூட்டை மாற்றுவதும் தண்ணீர், மின்சாரத்தை நிறுத்துவதும். ஒப்பந்தம்தான் முடிந்துவிட்டதே, இதில் தவறில்லை என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதை 20ஆம் பிரிவு தடை செய்கிறது, உடனே திரும்பக் கொடுக்கும்படி வாடகை அதிகாரி இடைக்கால உத்தரவு போடலாம். காலி செய்ய மறுப்பவரை வெளியேற்ற 21ஆம் பிரிவின்கீழ் வாடகை நீதிமன்றத்தில்தான் மனுப் போட வேண்டும். காவல் நிலையத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது.

குடியிருப்பவர்கள் பக்கம் அடிக்கடி நடப்பது, "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று கடைசி மாதங்களின் வாடகையை நிறுத்துவது. ஓனர் எழுத்தில் சம்மதிக்காதவரை அது பாக்கிதான். 2 மாத பாக்கியை, கேட்பு நோட்டீஸ் வந்து ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால், அதுவே வெளியேற்றக் காரணமாகிவிடும்.

அட்வான்ஸை, கழிக்க வேண்டியது போக, காலி செய்த ஒரு மாதத்துக்குள் ஓனர் திருப்பித் தர வேண்டும். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுக் கிளம்பினால் அந்த ஒரு மாதம் எப்போது தொடங்கியது என்பதிலேயே தகராறு வரும். காலி செய்த தேதி, இ.பி. மீட்டர் ரீடிங், சுவர், குழாய், கதவுகளின் நிலை, கழிக்கும் தொகை ஒவ்வொன்றும் எதற்காக என்று எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்ட பிறகே சாவி கைமாற வேண்டும்.